பளிச்சா, பளபளப்பா? ‘பிரைட்’ எங்கே பொருந்தும்

வெளுத்து வந்த பருத்தி வேட்டி பளிச்சென்று இருக்கிறது என்போம். பளபளவென்று இருக்கிறது என்றால் பட்டு வேட்டியா என்று கேட்பார்கள். ‘பிரைட்’டுக்கும் ‘ஷைனி’க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்வளவுதான். ஒளியோ நிறமோ தூக்கலாகத் தெரிந்தால் பிரைட். மேற்பரப்பு வெளிச்சத்தைத் திருப்பியடித்தால் ஷைனி. இரண்டுக்கும் ‘பிரகாசமான’ என்றே மனப்பாடம் செய்தவர்கள் ஏற்றுமதி விலைப்பட்டியல் எழுதும்போது தடுக்கி விழுகிறார்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறுப்பு கிரானைட்டையே பாருங்கள். பாலிஷ் போட்ட பலகையில் முகம் தெரியும், ஆனாலும் அது பிரைட் அல்ல. ‘கிளாஸி’ (glossy) அல்லது ‘பாலிஷ்டு’ என்று எழுத வேண்டும். (தோரணையான ஆளைச் சொல்லும் ‘கிளாஸி’ வேறு சொல், தமிழ் எழுத்தில்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.) பளபளப்பை அளக்கும் கிளாஸ் மீட்டரில் பொதுவாக 60 டிகிரி கோணத்தில் ஒளியைச் செலுத்துவார்கள். அதில் 100 என்று வைத்திருக்கும் அளவுகோலே மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடிதான். சுண்ணாம்பு அடித்த சுவரோ வெயிலில் கண்ணைக் கூச வைக்கும், முகம் காட்டாது: பிரைட், ஆனால் ஷைனி இல்லை.

தருமபுரிச் சந்தைக்கு வரும் பட்டுக்கூட்டிலிருந்து உருவாகும் பட்டுக்கு மூன்றாவது சொல் வேண்டும்: ‘லஸ்ட்ரஸ்’. கூட்டிலிருந்து இழுத்த கச்சாப் பட்டு மங்கலாக, விறைப்பாக இருக்கும். அதன் எடையில் ஏறக்குறைய கால்பங்கு செரிசின் என்ற பசை. சோப்பு நீரில் கொதிக்கவிட்டுப் பசையை எடுத்த பிறகுதான் மினுமினுப்பு வெளியே வரும். உள்ளிழையின் குறுக்குவெட்டு ஏறத்தாழ முக்கோணம் என்பதால், துணியைத் திருப்பத் திருப்ப ஒளி இடம் மாறி ஓடும். இதைப் போய் ‘ஷைனி’ என்று எழுதினால் பாலியஸ்டர் வாடை அடிக்கும்.

தொழிற்சொல் வந்தால் மட்டும் மேலே சொன்னது செல்லாது. பாலியஸ்டர் நூலில் பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 0.3% இருந்தால் ‘செமி டல்’, 2% அளவில் ‘ஃபுல் டல்’. அநேகமாகச் சேர்க்காமல் விட்டது ‘பிரைட்’. ஓசூர் பட்டறைகளில் ‘பிரைட் பார்’ கேட்டால், சூட்டில் உருட்டியபோது படிந்த கறுப்புச் செதிலை நீக்கி, சூடாக்காமலே அச்சு வழியாக இழுத்து, அளவு துல்லியமாக்கிய இரும்புக் கம்பி வரும். அதை ‘பிரகாசமான கம்பி’ என்று தமிழாக்கினால் கடைக்காரர் டியூப் லைட்டை எடுத்து நீட்டுவார்.

ஆளைச் சொல்லும்போது ‘பிரைட்’ என்றால் சூட்டிகை. ‘பிரில்லியன்ட்’ அதற்கு ஒரு படி மேல். ‘பிரைட் ஐடியா’வில் கொஞ்சம் கவனம் தேவை; ஆங்கிலத்தில் அதைக் கிண்டலாகவும் சொல்வார்கள். ஷைனி ஸ்டூடன்ட் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் முகத்தில் எண்ணெய் வழிகிறது என்று அர்த்தம்.