கருப்பு நாயும் 50 மி.மீ. லென்ஸும்: நான்கு ஆண்டு அனுபவம்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் வளரும் மணி, உடம்பெல்லாம் கருப்பும் மார்பில் மட்டும் கையகல வெள்ளையும் கொண்ட நாட்டு நாய். கைப்பேசியில் நான் எடுத்த அவனுடைய படங்களைப் பார்த்த அம்மா, "இதுல மணிக்குக் கண்ணு எங்கடா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ஒரு தனி லென்ஸ் வாங்க வைத்தது. 2021 இறுதியில், என்னிடம் ஏற்கெனவே இருந்த 24 மெகாபிக்சல் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு எஃப் 1.8 துளை கொண்ட 50 மி.மீ. லென்ஸை வாங்கினேன். துளை என்பது லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது, கூர்மையாக விழும் ஆழம் குறைவு. அன்றுமுதல் இந்த ஒரே லென்ஸில்தான் அவனைப் படமெடுத்து வருகிறேன்.

முதல் ஆறு மாதங்கள் எஃப் 1.8-ஐ விட்டு நான் நகரவே இல்லை. பின்னாலிருக்கும் காம்பவுண்டுச் சுவரும் துணிக்கொடியும் கரைந்துபோகும் அழகில் மயங்கியிருந்தேன். ஆனால் ஒரு மீட்டர் தொலைவில், இந்தத் துளையில், கூர்மையாகப் பதிவாகும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். நீண்ட முகமுடைய நாட்டு நாய்க்குக் கண்ணிலிருந்து மூக்கு நுனிவரை அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருப்பதால், கண் தெளிந்தால் மூக்கு மங்கியது, மூக்கு தெளிந்தால் கண் மங்கியது. இப்போது ஒன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்து எஃப் 4 வைக்கிறேன். பதின்மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு ஆழம் கிடைக்கிறது, முகம் முழுவதும் தெளிவாக விழுகிறது, பின்புலமும் போதிய அளவு மங்குகிறது.

லென்ஸைவிட நான் அதிகம் போராடியது, படத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டுமென்று அளக்கும் கேமராவின் ஒளிமானியோடுதான். எதிரில் உள்ள எதையும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுகிறது; ஆகவே கருப்பு நாய் படச் சட்டத்தை நிரப்பும்போது, காட்சி இருட்டாக இருக்கிறதென்று எண்ணி ஒளியைக் கூட்டிவிடுகிறது. அதனால் மணியின் மினுமினுக்கும் கருப்பு, வெயிலில் நாள்பட்ட குடைத்துணியைப்போல் வெளுத்துப்போனது. மார்பின் வெள்ளையில் ஒரு ரோமம்கூடத் தனியாகத் தெரியவில்லை. ஒளிமானியின் கணக்கை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும்படி, குறைத்து வைத்த அன்றுதான் அவனுடைய உண்மையான நிறம் படத்தில் வந்தது. ஏற்காட்டில் தங்கை வீட்டுக்குப் போனபோது இதே பழக்கம் என்னைக் கைவிட்டது. காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே மூடுபனி இறங்கியிருக்க, சற்றுத் தொலைவில் நின்ற மணி சட்டத்தில் சிறியதாகவும் பனி பெரும்பகுதியாகவும் இருந்ததால், ஒளிமானி இம்முறை வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்தது. நானும் என் பங்குக்குக் குறைத்து வைத்திருந்தேன். படங்கள் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிட்டன. அங்கே ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். சட்டத்தில் எது அதிக இடம் பிடிக்கிறது என்பதைப் பார்த்த பிறகே இப்போது காம்பன்சேஷன் சக்கரத்தைத் தொடுகிறேன்.

அம்மா கேட்ட கண்ணுக்கு விடை எங்கள் வாசலிலேயே இருந்தது. காலை ஏழு மணி வாக்கில், எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலில் படுத்திருக்கும் மணியின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுகிறது. நானும் தரையில் மார்பு படியப் படுத்து, அவன் கண்ணுயரத்துக்கு லென்ஸை இறக்குகிறேன். அப்படி எடுத்த ஒரு படத்தில் அவன் மூக்கின் ஈரத்தில் ஒட்டியிருந்த கோலப்பொடியின் துகள்களைக்கூட எண்ண முடிகிறது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண்கள் பச்சையாக எரிவதுபோல் பதிவாகும்.

தானியங்கி ஃபோகஸ் கருப்பு ரோமத்தில் பிடிமானமின்றி முன்னும் பின்னும் அலைகிறது, ஏனெனில் அது ஒளி நிற வேறுபாட்டைத் தேடியே வேலை செய்கிறது. நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்து, கண்ணின் அந்த வெள்ளைப் புள்ளிமேல் வைத்தால் உடனே நிற்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மணி எழுந்து என் மடிக்கே வந்துவிடுவான். எவர்சில்வர் டம்ளரை ஒருமுறை தட்டினால் காதை நிமிர்த்திப் பார்ப்பான். மூன்றாவது முறை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, ஆகவே எல்லாம் தயாரான பிறகே தட்டுகிறேன். மூக்கனேரிப் பக்கம் அவன் பாய்ந்தோடுவதை எடுக்க இந்த லென்ஸ் தோதுப்படவில்லை. 1/1000 வினாடி வேகம் வைத்தும், ஃபோகஸ் மோட்டார் அவனுக்கு ஈடுகொடுக்கவில்லை. ஓடும் நாயே முக்கியமென்றால் வேறு லென்ஸ் பார்ப்பது நல்லது.

பராமரிப்பில் ஒரு தவறு செய்தேன். ஒரு மழைக்காலம் முழுவதும் லென்ஸைத் தங்கை வீட்டு மர அலமாரியில் விட்டுவைத்ததில், உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்துவிட்டது. சுத்தம் செய்து வாங்கிய பின், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட, காற்றுப்புகாத டப்பாவில்தான் வைக்கிறேன். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கடந்து சேலம் வெக்கைக்குள் வந்ததும் பையைத் திறப்பதில்லை. குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும் என்பதால் ஒரு மணி நேரமாவது மூடியே வைக்கிறேன்.

மணிக்கு இப்போது ஒன்பது வயது. மூக்கைச் சுற்றியும் தாடையிலும் நரை ஏறியிருக்கிறது. ஒருகாலத்தில் பிடிமானமின்றி அலைந்த ஃபோகஸ், நான் சற்றே அசைந்தாலும் கண்ணை விட்டுவிட்டு இந்த வெள்ளை ரோமங்களில் போய் நின்றுவிடுகிறது. அதனால் எஃப் 4-லிருந்து எஃப் 5.6-க்கு மாறியிருக்கிறேன், நரையும் கண்ணும் ஒன்றாகத் தெளிந்து வருகின்றன.