செட்டா, ரன்னா?

ஆங்கிலத்தில் அதிக அர்த்தங்கள் கொண்ட வினைச்சொல் எது? 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘செட்’டுக்குத்தான் முதலிடம், சுமார் 430 அர்த்தங்கள். அப்புறம் ‘ரன்’ பகுதியைத் திருத்தி எழுதியபோது, வினையாக மட்டுமே 645 அர்த்தங்கள் தேறின.

‘செட்’டுக்குப் பல இடங்களில் நம் ‘வை’ போதும்: அலாரம் வைக்கிறோம், விலை வைக்கிறோம். சூரியன் மறைவதும் ஜெல்லி உறைவதும் வேறு கதை.

‘ரன்’ அவ்வளவு லேசில் பிடிகொடுக்காது. பஸ், படம், மெஷின் எல்லாம் தமிழிலும் ஓடுகின்றன, சரி. ஆனால் மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, கடையை நடத்துகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல்தான்: அமெரிக்க வேட்பாளர் ‘ரன்’ செய்கிறார், பிரிட்டன் வேட்பாளர் நம்மவரைப் போலவே நிற்கிறார். புதிதாகப் படிப்பவர்கள் ‘ரன்’னை முதலில் எடுங்கள், முழு வாக்கியத்தோடு.