கொல்லைப் பக்கம்தான் முதலில்: வீட்டுக் கேமராவுடன் நான்கு வருஷம்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். நான் திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டு சனி, ஞாயிறு வந்து போகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் கொல்லையில் நின்ற தென்னைகளையும் வேலியையும் சாய்த்துவிட்டது. அதிலிருந்து வாய்க்கால் கரையில் நடக்கிற யாருக்கும் எங்கள் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். அந்தக் கவலையில்தான் 2021 ஆடியில் இரண்டு வைஃபை கேமராவும், ஆள் அசைந்தால் தானாக எரியும் ஒரு சென்சார் லைட்டும் வாங்கினேன்.

மாட்ட வந்தவர் சொன்னபடி ஒன்றை வாசலிலும் ஒன்றைத் திண்ணையிலும் வைத்தது தப்பு. வாசலில் தெரு விளக்கு எரிகிறது, எதிர்வீட்டு அத்தை பத்து மணிவரை விழித்திருக்கிறார். யாரும் பார்க்காத இடம் கொல்லைதான். ஆறு மாதத்தில் ஒன்றைக் கழற்றி, கைக்கு எட்டாத உயரத்தில் எரவாணத்துக்குக் கீழே கொல்லையைப் பார்க்க வைத்தேன். லைட் முதலிலிருந்தே கொல்லைக் கதவுக்கு மேலேதான்.

கரண்ட் பிரச்சினை இல்லை. கேமராக்களும் ரவுட்டரும் சேர்ந்தே ஒரு சாதாரண சீலிங் ஃபேனைவிடக் குறைவாகத்தான் இழுக்கும், இன்வெர்ட்டர் தாங்குகிறது. உண்மையான தொல்லை சிலந்தி. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு இழை ஓடினால் போதும், காற்றில் ஆடும்போது படத்தில் வெள்ளைக் கயிறு மாதிரி பளிச்சிடும். ஆள் நடமாட்டம் என்று என் போனில் கேமரா ஆப் அடித்துக்கொண்டே இருக்கும். அலுத்துப்போய் நான் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன்.

அப்படி அணைத்து வைத்திருந்த ஒரு தை மாத ராத்திரியில்தான் ஆள் வந்தான். மணி 2:10. பதிவில் நன்றாகத் தெரிகிறது: தலையில் துண்டு, இடது கை கதவின் நாதாங்கி மேல். லைட் எரிகிறது. அப்படியே உறைந்து நிற்கிறான். ஜன்னலில் வெளிச்சம் பட்டு விழித்த அம்மா "யாரது?" என்று குரல் கொடுக்க, வாய்க்கால் பக்கம் திரும்பி நடக்கிறான். ஓடக்கூட இல்லை. அந்த நடைதான் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. என் போன் தலைமாட்டில் ஊமையாகக் கிடந்தது. காப்பாற்றியது 650 ரூபாய் லைட்.

காலையில் பதிவை ஸ்டேஷனில் கொடுத்தோம். அப்புறம் ஆசாரியை அழைத்துக் கதவைக் காட்டினேன். நாதாங்கியை அரை அங்குல ஸ்குரூ இரண்டுதான் பிடித்துக்கொண்டிருந்தது. ஓர் உதைக்குத் தாங்காது என்றார். இப்போது நிலையைத் துளைத்துப் போல்ட் போட்டு, உள்பக்கம் நட்டு முடுக்கியிருக்கிறது. குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. முற்றத்துக்கு மேலேயும் கம்பி அடித்துவிட்டோம். அவசர உதவி எண் 112 என்று பெரிதாக எழுதி அம்மா கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மாட்டியவர் கேமரா ஆப்பின் கணக்கைத் தன் போனில் திறந்துதான் எனக்குப் பகிர்ந்திருந்தார். அம்மா கொல்லையில் துணி உலர்த்துவதையெல்லாம் வேறொருவர் பார்க்க முடிந்திருக்கும். எட்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். கேமராவை ரீசெட் செய்து, சொந்தக் கணக்கில், சொந்தப் பாஸ்வேர்டில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்ததும் முதல் வேலை, ஏணி போட்டு லென்ஸைத் துடைப்பது. ஆப் சத்தத்தை அதற்குப் பிறகு அணைக்கவில்லை. அடுத்து மாட்டுக் கொட்டகைப் பக்கம் இன்னொரு சென்சார் லைட் வாங்கப் போகிறேன். கேமரா இல்லை, லைட் மட்டும்.