எட்டுத் தகடுகளும் ஒரு விசைக்கொக்கியும்

ஏலத்தில் ஜப்பானிய ராணுவ வாள் ஒன்றின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். 1938இல் வந்த 98ஆம் வகை அதிகாரி வாள். என்னிடம் இருப்பதும் அதுதான். நீளம், எடை எல்லாம் அவருக்கே தெரியும். என் உயிரை வாங்குவது செப்பா.

பிடிக்கும் வெட்டும் அலகுக்கும் இடையே உள்ள கைக்காப்பின் இரு பக்கமும் அடுக்கியிருக்கும் உலோகத் தகடுகள்தான் செப்பா. என் வாளில் எட்டு. மூங்கில் ஆணியைத் தட்டியெடுத்துப் பிடியை உருவினால் சில்லறைக் காசாகக் கொட்டும். சில தடிமன், சில மெலிசு. வாளை உறையோடு பூட்டும் விசைக்கொக்கி இத்தனை தகடுகளின் துளைகளையும் கடந்து போக வேண்டும். ஒன்று இடம் மாறினால் பிடி ஆடும். ஒன்று திரும்பியிருந்தால் கொக்கி சிக்கும். இதை வடிவமைத்த புண்ணியவான் ஒருநாளாவது கழற்றி மாட்டிப் பார்த்திருப்பாரா?

ஆனால் வாளின் ஜாதகமும் அங்கேதான் இருக்கிறது. என்னுடையதில் எட்டுத் தகட்டிலும் கைக்காப்பிலும் ஒரே எண் பொறித்திருக்கிறது. எங்கெங்கோ பொறுக்கிய உதிரிகளை ஒட்டுப்போட்ட வாள் அல்ல என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. (எண்ணே இல்லாத நல்ல வாள்களும் உண்டு.)

பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதியில் ஜப்பானின் செகி நகர முத்திரை. அதாவது, போர்க்காலத்தில் மொத்தமாகச் செய்தது. மரபுக் கொல்லர் அடித்தது அல்ல. இத்தகைய வாளை ஜப்பானில் பதிவு செய்யவே முடியாது. அந்த அடிப்பகுதியின் கருந்துருதான் அதன் வயதைச் சொல்லும். எனக்கு விற்ற மகராசன் "சுத்தமாக இருக்கட்டும்" என்று ஒரு பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தார். நினைத்தாலே வயிறு எரிகிறது. அலகுக்கும் அதே விதிதான்: மெருகுப் பசை கூடாது, விரல் படக் கூடாது. பழைய எண்ணெயை மெல்லிய துணியால் ஒற்றியெடுத்துவிட்டுப் புதிதாக மெல்லிய பூச்சு. ஜப்பானிய வாள் எண்ணெயில் கிராம்பு மணக்கும். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் ஒரே சுகம் அது.

தொல்லை வேண்டாமென்றால் 95ஆம் வகை இருக்கிறது, அதிகாரிகளுக்குக் கீழ்நிலையில் இருந்தவர்களின் வாள். அலுமினியப் பிடி, ஒரு திருகு. அலகிலும் உறையிலும் ஒரே தொடர் எண் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. போலிகளும் அதில்தான் மலிந்திருக்கின்றன.

தகடுகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். எண்கள் பொருந்தினாலும் வாங்காதீர்கள் என்றுதான் இன்று சொல்வேன். காலையில் மாட்டிய கொக்கி இன்னும் சரியாக விழவில்லை.