7 பேர்ச்சஸ் தனி வீடு: உள்ளே நல்லது, பின்பக்கத்தைப் பாருங்கள்

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தை விட்டு இறங்கும் குடும்பத்துக்கு இன்று இலங்கை மலையகத்தில் கிடைக்கும் வீடு ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது. 7 பேர்ச்சஸ் காணி, அதற்குள் 550 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, ஒரு முன்னறை, குசினி, மலசலகூடம். இந்திய உதவியோடு மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களில் எழுந்த 4,000 வீடுகளும் இப்படித்தான். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த மேலும் 10,000 வீடுகளும் இதே வழியில் வருபவை. ஒரு வீட்டுக்கு 10 லட்சம் ரூபா என்றிருந்த உதவித்தொகை பிறகு 28 லட்சமாக உயர்ந்தது. சீமெந்தும் கம்பியும் ஏறிய விலைக்கு அது உயராமல் இருந்திருந்தால் பாதி வீடுகள் அத்திவாரத்தோடு நின்றிருக்கும்.

இந்த வீட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இது: வாங்குங்கள், நல்ல வீடு. வரைபடத்தில் உள்ளவை பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. கெட்டுப்போவதெல்லாம் வரைபடத்தில் இல்லாதவை. பின்னால் வெட்டிய மண்மேடு, தண்ணீர் வடியும் கான், தண்ணீர்க் குழாய், படிக்கட்டு, காணி உறுதி. ஆகையால் சுவரையும் சாயத்தையும் பார்த்துவிட்டுத் திறப்பை வாங்கிவிட வேண்டாம்.

முதலில் உள்ளே. லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதையே அடைத்து அடுப்பும் படுக்கையும். அந்த 120 சதுர அடியிலிருந்து 550க்கு வருவது பெரிய மாற்றம். படிக்கிற பிள்ளைக்குக் கதவு சாத்திக்கொள்ள ஓர் அறை கிடைக்கிறது. இரவில் மலசலகூடத்துக்கு டோர்ச்சோடு இறங்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லயத்தில் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் பல இடங்களில் கூரைவரை போவதில்லை. தகரத்துக்குக் கீழே மரச்சட்டம் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒன்றாக ஓடும். ஒரு காம்பராவில் வயர் தீப்பிடித்தால் முழு லயமும் எரிவது அதனால்தான். தனி வீட்டில் அந்த ஆபத்து நீங்கிவிடுகிறது. இது ஒன்றுக்காகவே இந்த வீட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

குசினிதான் உள்ளே பலவீனமான இடம். காஸ் அடுப்பு வைப்பதை மனதில் வைத்து வரைந்த குசினி அது. தோட்டத்தில் எரிவது கவ்வாத்து மிலாறும் (தேயிலைச் செடியில் வெட்டிக் கழிக்கும் சுள்ளி) சவுக்கு விறகும். சின்ன ஜன்னல், புகைபோக்கி இல்லை என்றால் மூன்று மாதத்தில் கூரைச் சீட்டின் அடிப்பக்கம் கறுத்து, ஈரத்தோடு சேர்ந்து கரித்தண்ணி சுவரில் கோடு கோடாக இறங்கும். பூச்சு வேலை முடியும் முன்பே மேசன் பாஸிடம் சொல்லி அடுப்புத் திட்டுக்கு மேல் புகைபோக்கிக்கு இடம் விடச் செய்யுங்கள். வாய் 9 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தலை கூரை முகட்டுக்கு மேலே 2 அடியாவது நிற்க வேண்டும். முகட்டுக்குக் கீழே நின்றால் காற்று புகையைத் திருப்பி வீட்டுக்குள்ளேயே தள்ளும். பிறகு சீட்டை வெட்டிச் செருகும் புகைபோக்கியைச் சுற்றி ஒழுக்கு வராத வீட்டைக் காண்பது அரிது.

இனி நிலம். இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,905 சதுர அடி. தட்டையான ஊரில் இது தாராளம். சரிவில் 25 அடி ஆழமுள்ள வீட்டுக்குத் தட்டு எடுத்தால் மேல்பக்கம் 8 அடி, 10 அடி உயரத்துக்கு மண்ணை வெட்ட வேண்டி வரும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமப்படுத்துவார்கள். ஆக, வீட்டின் பின்பாதி வெட்டிய கெட்டி நிலத்தில், முன்பாதி கொட்டிய மண்ணில். கொட்டிய மண் இரண்டு மழைக்காலம் போனால் அமிழும், கெட்டி நிலம் அசையாது. நடுவில் நிற்கும் சுவர் பிளக்கும். முன்னறை ஜன்னலின் மூலையில் தொடங்கிக் கோணலாகக் கூரையை நோக்கி ஏறும் வெடிப்பைப் பார்த்தால் காரணம் இதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பூச்சு மட்டும் வெடித்தால் கோடு மயிரிழையாக, வலை பின்னியது போலிருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

வெடிப்பு ஓடுகிறதா என்று அறிய, அதன் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதியை எழுதுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கோட்டைத் தாண்டாவிட்டால் அடைத்துவிடலாம். தாண்டினால் சீமெந்து பூசி மறைப்பது வீண், தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட வேண்டும். வீடு இன்னும் எழும்பவில்லை என்றால் செய்யக்கூடியது அதிகம். முன்பக்க அத்திவாரக் கிடங்கைக் கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய நிலம் வரும்வரை தோண்ட வேண்டும், சரிவுக்கேற்பப் படி படியாக. நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் 6 அங்குலத்துக்கு ஒரு தட்டாகப் போட்டு, தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். அதற்குள் மிலாறும் வேரும் கிடந்தால் உக்கிப் பள்ளமாகும், பொறுக்கி எறியுங்கள்.

மண்மேட்டுக்கும் பின்சுவருக்கும் இடையில் ஆள் மண்வெட்டியோடு நின்று வேலை செய்ய இடம் வேண்டும். குறைந்தது 4 அடி. பல திட்டங்களில் அங்கே 2 அடிதான் மிச்சம். மழையில் போய் அந்தச் சந்துக்குள் பாருங்கள். மேட்டின் அடியிலிருந்து தண்ணீர் வியர்வை போலக் கசிந்து, சரிந்த மண்ணோடு குழம்பி, பின்சுவரை நனைத்தபடி நிற்கும். கான் இருக்கும், ஆனால் மண் மூடியிருக்கும். உள்ளே படுக்கையறையில் அதே சுவரின் பூச்சு முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, கை வைத்தால் மாவாக உதிரும். அந்த அறையில் படுக்கும் பிள்ளைக்கு இருமல் விடாது.

இதைத் தடுக்கக் கான் இரண்டு வேண்டும். ஒன்று மேட்டின் தலைக்கு மேலே, மலையிலிருந்து வரும் தண்ணீரை வீட்டுக்கு வராமல் பக்கவாட்டில் திருப்ப. மற்றது மேட்டின் அடியில், சீமெந்து போட்டு, ஓட்டத்தோடு. இரண்டும் முடிகிற இடம் அடுத்த வீட்டின் தலைமாடாக இருந்தால் பிரச்சினை கைமாறுகிறதே தவிரத் தீரவில்லை. ஒரு வரிசை வீடுகளுக்கும் பொதுவாக ஒரு பெரிய கான் போய் ஓடையில் விழ வேண்டும். மேட்டுக்குக் கருங்கல் கட்டு எழுப்பினால் 2 அங்குலப் பீவீசிக் குழாய்த் துண்டுகளை 4, 5 அடிக்கு ஒன்றாக வெளியே சரிந்தபடி வைத்து, பின்னால் ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள். தண்ணீர் வடிய வழியில்லாத கல்லுக்கட்டு மழையில் வயிறு தள்ளும், பிறகு விழும். கட்டு இல்லாமல் விட்ட மேட்டை விட அது ஆபத்தானது, ஏனென்றால் அதை நம்பித் தூங்குகிறார்கள்.

கூரைக்குப் பீலி போடுவதைச் செலவு என்று தள்ளிப்போடுகிறார்கள். 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றருக்கு மேல் தண்ணீர். அதில் பாதி பின்பக்கச் சந்துக்குள்ளேயே விழுகிறது. குறைந்தபட்சம் பின்பக்கத்துக்கு மட்டுமாவது பீலி போட்டுக் கானில் இறக்குங்கள்.

மண்சரிவு அபாய மதிப்பீட்டைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்கிறது. காணிக்கு அந்த அறிக்கை இருக்கிறதா, அதில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று கேட்டுப் படிப்பது உங்கள் உரிமை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்ததையும், 2025 நவம்பரில் டித்வா புயல் மலைநாடு முழுக்கச் செய்ததையும் கண்ட பிறகு இதைச் சம்பிரதாயக் காகிதம் என்று யாரும் நினைக்கக் கூடாது. அந்நிறுவனத்தின் எச்சரிக்கைப் படிகள் 24 மணித்தியால மழையில் 75, 100, 150 மில்லிமீற்றர். 150ஐத் தொட்டால் வெளியேற வேண்டும். நேரான சுவருள்ள ஒரு டின்னை வெட்டவெளியில் வைத்து அடிமட்டத்தால் அளந்தாலே வீட்டு வாசலில் கணக்குத் தெரியும். புதிதாக ஊற்று கிளம்பினால், இருந்த ஊற்று கலங்கினால் அல்லது திடீரென நின்றால், தேயிலைச் செடி வரிசை சாய்ந்தால், கதவு காரணமின்றி நிலையில் இறுகினால், மழை அளவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தண்ணீர். லயத்துக்குப் பீலிக்கரை (பொதுவாகத் தண்ணீர் பிடிக்கும் இடம்) பக்கத்திலேயே இருக்கும். புதிய வீடுகளுக்குத் தேயிலை நன்றாக வராத மேட்டுக்காணியைக் கொடுக்கும்போது பழைய தாங்கி வீட்டைவிடக் கீழே போய்விடுகிறது. அப்போது எத்தனை குழாய் போட்டாலும் தண்ணீர் ஏறாது. தாங்கியின் அடிமட்டம் மிக உயரமான வீட்டின் குழாயை விட 30 அடியாவது மேலே இருந்தால்தான் குளிக்கும் அளவுக்கு வேகம் கிடைக்கும். ஊற்றை மாசி, பங்குனியில் அளந்து பாருங்கள், மழைக்காலத்தில் அளந்த கணக்கு ஏமாற்றும். 20 லீற்றர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நாளுக்கு 28,800 லீற்றர். ஐந்து பேருள்ள வீட்டுக்கு நாளைக்கு 400 லீற்றர் என்றால் 40 வீட்டுக்கு 16,000. போதும். அதே வாளி மூன்று நிமிடம் எடுத்தால் 9,600தான், சண்டை வரும். மலசலகூடக் குழி ஊற்றிலிருந்து 50 அடிக்கு அப்பாலும், முடிந்தவரை ஊற்றுக்குக் கீழேயும் இருக்கட்டும். மேல் வீட்டின் குழி கீழ்வீட்டின் மண்மேட்டுக்குள் கசிவதும் நடக்கிறது, ஏழு பேர்ச்சஸ் சரிவில் இடம் அவ்வளவுதான்.

பாதையில் பார்க்க வேண்டியது, ஓட்டோ வாசலுக்கு வருமா என்பது. நாற்பது படி ஏறும் வீட்டுக்கு நோயாளியைக் கதிரையில் தூக்கித்தான் இறக்க வேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்கு இருந்த சட்டத் தடை 2018 திருத்தத்தோடு நீங்கியது. ஆகவே பாதை, மதகு, தெருவிளக்குக்கு எழுத்தில் கோரிக்கை கொடுங்கள், தோட்ட நிர்வாகத்தோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளைகளைப் பகலில் விடும் பிள்ளைமடுவமும் கொழுந்து நிறுக்கும் மடுவமும் எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடும் தாய்க்கு அந்தத் தூரம்தான் வீட்டின் தரம்.

இந்த வீட்டுக்குள் யார் இருக்கப்போகிறார்கள் என்பதும் மாறிவிட்டது. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8 லட்சத்து 39 ஆயிரம் பேர். 2024இல் மலையகத் தமிழரென்ற பெயரும் சேர்ந்த அந்தப் பிரிவில் சுமார் 6 லட்சம், நாட்டின் சனத்தொகையில் 2.8 வீதம். இம்முறை தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்களும் இந்தக் குறைவில் அடக்கம் என்பதால் அத்தனை பேரும் ஊரை விட்டுப் போனதாகக் கொள்ளக் கூடாது. ஆனால் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் இளையவர்கள் போவது கண்கூடு. சாதாரண நாளில் வீட்டில் பாட்டியும் இரண்டு பேரப்பிள்ளைகளும், தீபாவளிக்குப் பதினொரு பேர். அதனால்தான் குடியேறி இரண்டு வருடத்துக்குள் பக்கத்தில் ஓர் அறை முளைக்கிறது. அதைப் பின்பக்க மண்மேட்டை இன்னும் வெட்டி எடுத்த இடத்தில் கட்டுவதுதான் நாம் பார்க்கும் தவறுகளில் மோசமானது. கூட்டுவதாக இருந்தால் பக்கவாட்டில் கூட்டுங்கள், பழைய சுவரோடு கல்லைப் பிணைக்காமல் அரை அங்குல இடைவெளி விட்டு. புது அத்திவாரம் தனியாக அமிழும், பிணைத்தால் பழைய சுவரையும் இழுக்கும்.

கடைசியாகக் காகிதம். தோட்டக் காணி அரசுடையது, பெருந்தோட்டக் கம்பனிகளிடம் 2045 வரை குத்தகையில் இருக்கிறது. அதிலிருந்து உங்கள் 7 பேர்ச்சஸ் விடுவிக்கப்பட்டு, நில அளவை வரைபடத்தில் தனித் துண்டாகக் காட்டப்பட்டு, உறுதியாக வர வேண்டும். விழாவில் கையில் கிடைப்பது பயனாளி என்று சொல்லும் சான்றிதழா, பதிவான உறுதியா என்று அன்றைக்கே பாருங்கள். இரண்டும் கெட்டி அட்டையில், முத்திரையோடு, ஒன்று போலவே தெரியும். வங்கி பார்ப்பது உறுதியை. அதில் வரைபட இலக்கம், துண்டு இலக்கம், நான்கு எல்லை, காணிப் பதிவகத்தின் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படியே இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் இன்னொரு பெயர் என்று இருப்பவர்கள் தோட்டங்களில் ஏராளம். அதை உறுதி எழுதும் முன் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் திருத்திக்கொள்ளுங்கள். எழுதிய பின் திருத்தச் சட்டத்தரணிக்கும் முத்திரைக்கும் செலவு, அதோடு பல நாள் வேலையும் போகும்.