சின்ன பாருக்கு எந்தச் சுவர்: தஞ்சாவூர் ஓவியமா, கருப்பூர் கலம்காரியா?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு நல்ல ஓட்டலின் உணவகத்துக்குள் பத்துப் பேர் உட்காரும் காக்டெய்ல் பார் அமைக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இரண்டுமே புவிசார் குறியீடு பெற்ற நம் கலைகள். ஆனால் அழகை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. தண்ணீர் எங்கே, வெளிச்சம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் பவுடரும் (சுண்ணாம்புக்கல் தூள்) கோந்தும் குழைத்துப் புடைப்பு எடுத்து, அதன்மேல் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டுகிறார்கள். கோந்து ஈரத்தை இழுக்கும். ஐஸ் பெட்டிக்கும் கிளாஸ் கழுவும் தொட்டிக்கும் பின்னால் மாட்டினால் பலகை இரவில் உப்பும், ஏசி ஓடும்போது சுருங்கும். சில மாதங்களில் புடைப்பில் மயிரிழை விரிசல் விழுந்து, அந்த இடத்தில் ரேக்கு ஓரம் தூக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது இன்னும் வேகமாக நடக்கும். அதனால் தண்ணீர்த் தொட்டியிலிருந்து 2 மீட்டராவது தள்ளி, மழை அடிக்காத உள்சுவரில், பின்னால் 25 மி.மீ. காற்றிடைவெளி விட்டு மாட்டுங்கள். விளக்கு 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம், போதும். கூரையிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வாக விழட்டும். நேராக அடித்தால் கண்ணாடியில் பல்புதான் தெரியும், தங்கம் தெரியாது.

இன்னொன்று, சாமி படம் வேண்டவே வேண்டாம். மது பாட்டிலுக்குப் பக்கத்தில் வெண்ணெய்க் கிருஷ்ணனைப் பார்த்தால் சாப்பிட வந்த குடும்பத்துக்கு மனசு கஷ்டப்படும், அது நியாயமும்கூட. கிளி, மயில், கொடி என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

கலம்காரி பருத்தித் துணியில் இயற்கைச் சாயத்தால் எழுதுவது. அதற்குப் பகை வெளிச்சம். வெளிறிய சாயம் திரும்பாது. துணிமேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மங்கலான பாருக்கு அதுவே போதுமான வெளிச்சம். சத்தத்திலும் இதற்குத்தான் லாபம். கிரானைட் தரையும் கண்ணாடியும் உள்ள சின்ன அறையில் ஷேக்கர் குலுக்கும் ஓசை காதைக் குடையும். சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளித் தொங்கும் தடித்த துணி அந்த எதிரொலியைக் குறைக்கும். சமையலறைக் கதவருகே மட்டும் கூடாது, தாளிப்பு வாசம் ஏறினால் துவைத்து எடுப்பது கஷ்டம்.

சுவாமிமலை வெண்கலத்தையும் சிலர் கேட்கிறார்கள். கைப்பிடி, கால்கம்பிக்கு அருமை. கவுண்டர் மேல்தளத்துக்கு வேண்டாம், எலுமிச்சைச் சாறு பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாகும்.

எங்கள் தேர்வு: உட்கார்பவர் முதுகுப்பக்கச் சுவரில் கலம்காரி, நுழைவு மாடத்தில் ஒரே ஒரு தஞ்சாவூர்ப் படம். பாட்டிலுக்குப் பின்னால் இரண்டும் இல்லை, வெறும் சுண்ணாம்புப் பூச்சு. கவுண்டர் உயரம் 107 செ.மீ., ஸ்டூல் 75, ஆளுக்கு 60 செ.மீ. அகலம், பார்டெண்டர் நடக்க 90.

கலையை கிளாஸிலும் கொண்டுவரலாம். கலம்காரியின் கறுப்பு, துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த நினைவில் டார்க் ரம் 60 மி.லி., எலுமிச்சைச் சாறு 20, கருப்பட்டிப் பாகு 20, ஐஸோடு 12 விநாடி குலுக்குங்கள். பாகுக்குக் கருப்பட்டியைச் சமஅளவு தண்ணீரில் கரைத்து மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் கடைசி மடக்கில் மண் நறநறக்கும்.