பயனர் அடையாளத்துக்கு போஸ்ட்கிரெஸ் 18 டேட்டாபேஸ் தரும் யூயூஐடி-7: நம்பி வைக்கலாமா?

தளத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் கொடுத்தால் டேட்டாபேஸுக்குச் சுகம். அந்த எண் வலை முகவரியில் தெரிந்தால்தான் வம்பு. திங்களன்று ஒரு கணக்கும் வெள்ளியன்று இன்னொன்றும் திறந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்த வாரம் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது போட்டியாளருக்குத் தெரிந்துவிடும்.

அதற்குப் பயந்து பலரும், 128 பிட் நீள அடையாள எண்ணான யூயூஐடியின் தற்செயல் வகையான யூயூஐடி-4க்குத் தாவினார்கள். 128 பிட்டில் 122 பிட் தற்செயல் என்பதால் இருவருக்கு ஒரே எண் விழும் மோதல் பயம் இல்லை. அடி விழுவது இண்டெக்ஸில், அதாவது வரிகளை வேகமாகத் தேட டேட்டாபேஸ் வைத்திருக்கும் வரிசைப் பட்டியலில். புது வரி ஒவ்வொன்றும் பி-ட்ரீயின் (இண்டெக்ஸின் மர அமைப்பு) ஏதோ ஒரு மூலையில் போய் விழும். இண்டெக்ஸ் மெமரியில் அடங்கும்வரை இது உறைக்காது. அடங்காமல் போனதும் ஒவ்வொரு இன்செர்ட்டும் டிஸ்கைத் தொடும். செக்பாயிண்டுக்குப் (மெமரியில் மாறியதை டிஸ்கில் எழுதி முடிக்கும் கட்டம்) பின் முதன்முறை மாறும் ஒவ்வொரு 8 கேபி பக்கமும் முழுசாக லாக்கில் (மாற்றங்களின் பதிவேடு) எழுதப்படுவதால் லாக்கும் ஊதும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே டேபிளே பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) வரிசையில்தான் கிடக்கிறது.

2024 மே மாதம் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9562 வகுத்த யூயூஐடி-7, முதல் 48 பிட்டில் மில்லி விநாடி நேரத்தை வைக்கிறது. புது வரிகள் இண்டெக்ஸின் கடைசியிலேயே சேரும். 2025 செப்டம்பரில் வெளியான போஸ்ட்கிரெஸ் 18இல் இது உள்ளேயே இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் தேவையில்லை, பிரைமரி கீ நெடுவரிசையின் டீஃபால்ட்டை (மதிப்பு தராதபோது டேட்டாபேஸ் தானாக இடுவது) மாற்றினால் போதும். பழைய யூயூஐடி-4 வரிகளைத் தொட வேண்டாம், இரண்டும் ஒரே டேபிளில் ஒத்துப்போகும்.

மாற்றியும் பலன் தெரியவில்லையா? ஆப்புக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இருக்கும் லைப்ரரியான ஓஆர்எம்மைப் பாருங்கள். அதுவே யூயூஐடி-4 தயாரித்து அனுப்பினால் டேட்டாபேஸின் டீஃபால்ட் வேலையே செய்யாது. புதிதாகச் சேர்ந்த ஒரு வரியில் மூன்றாவது துண்டு 7இல் தொடங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நெடுவரிசை யூயூஐடி வகையாக இருக்கட்டும். 16 பைட்டில் முடிவதை 36 எழுத்து உரையாக வைத்தால், இந்த கீயைச் சுட்டும் ஒவ்வொரு டேபிளிலும் இரட்டிப்புக்கு மேல் இடம் போகும்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் வேறு. ‘வாடிக்கையாளர் எண்’ என்று காட்ட முதல் எட்டு எழுத்தை வெட்டி எடுப்பார்கள். யூயூஐடி-4இல் அது ஓரளவு ஓடியது. யூயூஐடி-7இல் முதல் எட்டும் 65.5 விநாடிக்கு ஒருமுறைதான் மாறும். அந்த இடைவெளியில் பதிந்த அத்தனை பேருக்கும் ஒரே எண்! கடைசி எட்டை எடுத்தாலும் 32 பிட்தான்: சுமார் 77,000 பேர் சேர்வதற்குள் ஒரு மோதலாவது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குறுகிய எண் வேண்டுமென்றால் தனி நெடுவரிசையும், ஒரே எண் இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடும் வையுங்கள்.

இன்னொரு குறை, கணக்கு எப்போது திறக்கப்பட்டது என்பது அடையாளத்திலேயே மில்லி விநாடி சுத்தமாக எழுதியிருக்கிறது. நேரத்தைத் தள்ளிவைக்க ஒரு அளவுரு உண்டுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு தள்ளினால், தன் கணக்கு திறந்த நேரம் தெரிந்த எவரும் கழித்துக் கண்டுபிடிப்பார். ஆளுக்கொரு அளவு தள்ளினால் வரிசை குலைந்து, இதற்கு மாறியதே வீணாகும். சேர்ந்த நேரம் வெளியே தெரியக்கூடாத மருத்துவம், திருமணத் தகவல் போன்ற தளங்களில் உள்ளே யூயூஐடி-7, வெளியே காட்ட யூனிக் இண்டெக்ஸோடு ஒரு யூயூஐடி-4 என்று இரண்டு வைப்பதே சரி.

பாஸ்வேர்டு மாற்றும் இணைப்புக்கு எந்த நிலையிலும் யூயூஐடி-7ஐப் போடாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு தற்செயல் டோக்கன் உருவாக்கி, அதன் ஹாஷை (மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத சுருக்கம்) மட்டும் சேமியுங்கள்.

போஸ்ட்கிரெஸ் 17இலேயே இருப்பவர்கள் இதற்காக மட்டும் அவசரப்பட்டு ஏற வேண்டாம். பைதான் 3.14இன் யூயூஐடி மாட்யூலிலேயே இது வந்துவிட்டது. ஆப்பில் உருவாக்கி அனுப்பலாம். பத்தாயிரம் பயனர்தான் என்றால் யூயூஐடி-4ஐயே விட்டுவிடுங்கள், வித்தியாசம் கண்ணில் படாது.